பல் முளைத்த இசை

சுறா, கரடி, தேனீ, எறும்பு, எலி, தவளை, காட்டுப்பன்றி. மனிதனைக் கொல்லக் கிளம்பிய இந்த ஜீவராசிகளை வைத்து அறுபதுகளிலிருந்து எண்பதுகள் வரை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவிலும் வரிசையாகப் படங்கள் வந்தன. அவற்றின் பின்னணி இசையைத்தான் உலகத்திலேயே அதிகம் விரும்பிக் கேட்கிறேன். பெரும்பாலும் பாட்டு இருக்காது, வார்த்தை இருக்காது. இரவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் போதும், ஏதோ ஒன்று மூச்சுவிட்டபடி பக்கத்தில் வந்து நிற்கும். அதற்கு எடை இருக்கும், பசி இருக்கும், சில நேரம் துக்கமும் இருக்கும். இசையால் ஓர் உயிரையே உண்டாக்க முடியும் என்று எனக்குக் காட்டியவை இந்தப் படங்கள்தான்.

இந்த வகைப் படங்களில் இசை இவ்வளவு உயரத்துக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம் அது. ரப்பர் பொம்மை, எந்திர பொம்மை, பழக்கிய விலங்கு, மிக நெருக்கத்தில் எடுத்த ஒரு கண், இவ்வளவுதான் இயக்குநர் கையில் இருந்தன. மிச்ச மிருகத்தை இசையமைப்பாளர்தான் செய்து கொடுத்தாக வேண்டும். கதாநாயகன் அழும்போது கூடவே வயலின் அழுவது வேறு வேலை. நடிக்க வேண்டிய ஆளே திரையில் இல்லாதபோது இசை அந்த வேஷத்தைக் கட்டிக்கொண்டு நடிப்பது வேறு வேலை. அந்த இரண்டாவது வேலையைப் பார்த்த மேதைகளின் கதை இது.

'ஜாஸ்' (1975) படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் எந்திரச் சுறா கடல் உப்புத்தண்ணீரில் இறங்கியதும் பழுதாகிப் பழுதாகி நின்றது. படத்தின் பெரும்பகுதியில் சுறாவைக் காட்ட வழியில்லை. ஜான் வில்லியம்ஸ் பியானோவில் இரண்டே சுரங்களை வாசித்துக் காட்டியபோது, விளையாடுகிறார் என்று எண்ணி ஸ்பீல்பெர்க் முதலில் சிரித்துவிட்டார். 'ஈ', அதற்கு அரைச்சுரம் மேலே 'எஃப்'. கர்நாடக சங்கீதம் கற்கும் குழந்தை மாயாமாளவகௌளையில் முதன்முதலாக ஏறும் ஸ–ரி இடைவெளிதான் இது. உலகத்தின் மிகப் பிரபலமான பயம் அத்தனை சிறிய படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது!

அதை டபுள் பேஸும் செல்லோவும் அடித்தொண்டையில் வாசிக்கின்றன. முதலில் ஒரு தடவை, பிறகு நீண்ட மௌனம். மறுபடி ஒரு தடவை. எப்போது வரும் என்று நம் உடம்பு எதிர்பார்க்கத் தொடங்கும்போது வேகம் பிடிக்கிறது. இதன் சூத்திரத்தை நினைக்க நினைக்க எனக்குப் புல்லரிக்கும். மெதுவாகவும் சன்னமாகவும் ஒலித்தால் சுறா தூரத்தில் இருக்கிறது. வேகமாகவும் பலமாகவும் ஒலித்தால் கிட்டே வந்துவிட்டது. திரையில் வெறும் தண்ணீர்தான் தெரியும், ஆனாலும் சுறா எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று காதே அளந்து சொல்லிவிடும். அந்தத் துடிப்புக்கு மேலே ஒரு டியூபா தனியாக எழும். டாமி ஜான்சன் வாசித்தது. டியூபா சாதாரணமாக எட்டிப் பார்க்காத உச்ச ஸ்தாயி அது. அந்த உயரத்தை பிரெஞ்சு ஹார்ன் எளிதாகத் தொட்டிருக்கும், ஆனால் வில்லியம்ஸுக்கு மிரட்டல் வேண்டியிருந்தது. கனத்த உடம்புள்ள ஒன்று லாகவமாகத் திரும்புவதை அந்த டியூபாவில் கேட்கலாம்.

இதைவிடப் பெரிய சாமர்த்தியம் ஒன்று உண்டு. அட்டைத் துடுப்பைக் கட்டிக்கொண்டு இரண்டு பையன்கள் கடற்கரையைக் கலவரப்படுத்தும் காட்சியில் இசையே இல்லை. இசை பொய் சொல்லாது என்று படம் நமக்குக் கற்றுக்கொடுக்கிறது, நாமும் நம்பிவிடுகிறோம். பிறகு போலீஸ் அதிகாரி பிராடி படகின் விளிம்பில் நின்று இரையை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போது எந்த இசை முன்னறிவிப்பும் இல்லாமல் சுறா தலையைத் தூக்குகிறது. படம் முழுக்க வளர்த்த நம்பிக்கையை ஒரே நொடியில் உடைக்கிறார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிடுவேன்.

'ஜாஸ்' இசை என்றால் பலருக்கும் அந்த இரண்டு சுரம் மட்டுமே தெரியும். தயவுசெய்து பின்பாதியைக் கேளுங்கள். மூன்று ஆண்கள் படகேறிச் சுறாவைத் துரத்தப் போனதும் இசையின் முகமே மாறிவிடுகிறது. பழைய கடற்கொள்ளையர் படங்களின் துள்ளலோடு வயலின்களும் ஹார்ன்களும் அலைமேல் ஏறி இறங்குகின்றன. பயம் சாகச உற்சாகமாகிறது. சுறாக்கூண்டை மாட்டும் காட்சிக்கு வில்லியம்ஸ் ஒரு ஃபியூக் எழுதியிருக்கிறார். ஒரு வாத்தியக் கூட்டம் ஒரு மெட்டைத் தொடங்க, அடுத்தது அதையே வேறிடத்தில் பிடித்துக்கொண்டு பின்தொடர, மூன்றாவது சேர, குழாய்க்கு மேல் குழாயாகக் கூண்டு எழும்புவதும் இசைக்கு மேல் இசை எழும்புவதும் ஒன்றாகிவிடுகிறது. இந்த இசைக்கு ஆஸ்கர் விருது அறிவிக்கப்பட்ட இரவில் விழா ஆர்கெஸ்ட்ராவை நடத்திக்கொண்டிருந்தவரே வில்லியம்ஸ்தான். கையிலிருந்த கோலை வைத்துவிட்டு ஓடிப்போய் விருதை வாங்கினார். அதைவிடப் பொருத்தமான காட்சியை யாராலும் எழுதியிருக்க முடியாது!

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1975இல் வந்த இசைத்தட்டு, கேட்பதற்காகத் தனியாக மறுபடி வாசித்துப் பதிந்தது. படத்தில் ஒலிக்கும் அசல் பதிவு 2000இல்தான் வெளிவந்தது. முதலாவது விரிந்து பரந்த கச்சேரி, இரண்டாவது இறுகியது, கடிக்கக்கூடியது. இரண்டும் வேண்டும் என்பேன்.

ஆர்கெஸ்ட்ரா மிருகத்துக்கு உடம்பு கொடுத்தது என்றால், மனிதனுக்குப் பிடிபடாத மனத்தைக் கொடுத்தவை மின்னணுக் கருவிகள். இங்கேதான் என் காதல் இன்னும் முற்றுகிறது. வயலினுக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது, டியூபாவுக்குப் பின்னால் ஒரு நுரையீரல் இருக்கிறது. எத்தனை கொடூரமாக வாசித்தாலும் அது மனித உடம்பிலிருந்து வந்த சத்தம்தான். மின்னணு ஒலிக்கு அந்த உறவு கிடையாது. பறவையும் பூச்சியும் நம்மை எப்படிப் பார்க்கின்றன என்று காட்ட இதைவிடச் சரியான குரல் எங்கே கிடைக்கும்?

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதை 1963இலேயே கண்டுகொண்டார். 'த பேர்ட்ஸ்' படத்தில் வழக்கமான பின்னணி இசை ஒரு துளிகூட இல்லை. ஹிட்ச்காக்கின் ஆஸ்தான இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் இந்தப் படத்துக்கு ஒலி ஆலோசகர் மட்டுமே. இசைக்கு பதிலாக பெர்லினில் ஆஸ்கர் சாலா என்ற மனிதர் ரெமி காஸ்மனோடு சேர்ந்து மிக்ஸ்டூர்-டிராடோனியம் என்ற கருவியில் உருவாக்கிய ஒலிகள். இதன் மூதாதை டிராடோனியத்தை 1930 வாக்கில் ஃப்ரீட்ரிக் டிராட்வைன் உருவாக்கினார், அதற்கென்றே பால் ஹிண்டமித் இசை எழுதினார். சாலா தன் ஆயுள் முழுக்க அந்தக் கருவியை மெருகேற்றிக்கொண்டே இருந்தார். 2002இல் 91 வயதில் இறக்கும்வரை அவர் பெயரும் அந்தக் கருவியின் பெயரும் பிரியவே இல்லை.

அதில் பியானோ போன்ற கட்டைகள் இல்லை. ஓர் உலோகப் பட்டைக்கு மேலே கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். கம்பியை விரலால் பட்டைமேல் அழுத்த வேண்டும். விரல் இருக்கும் இடம் சுரத்தைத் தீர்மானிக்கும், அழுத்தும் பலம் சத்தத்தைத் தீர்மானிக்கும். சுரத்திலிருந்து சுரத்துக்கு இடைவெளியே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகலாம். இன்னொரு விசேஷம்தான் என்னை மயக்கியது. இயற்கையில் ஒரு தந்தியோ குழலோ ஒலித்தால், அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணை இரண்டு, மூன்று, நான்கு என்று பெருக்கினால் வரும் துணைச்சுரங்கள் மேலே எழும். சாலாவின் கருவி தலைகீழ். அது அதிர்வெண்ணை இரண்டு, மூன்று, நான்கு என்று வகுத்துக் கீழ்நோக்கி அடுக்கும். இயற்கையின் கணக்கே புரட்டிப் போடப்பட்டதால்தான் அந்தக் கூச்சலைக் கேட்டதும் பறவை மாதிரி இருந்தும் பறவை இல்லை என்று நம் அடிவயிறு சொல்கிறது.

படத்தில் மனிதர்கள் உண்டாக்கும் இசை மட்டும் அங்கங்கே கேட்கும். கதாநாயகி பியானோவில் டெபுஸி வாசிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் நீளமான ஒரு நாட்டுப்பாட்டைப் பாடிக்கொண்டே இருக்க, வெளியே விளையாட்டுக் கம்பிகளில் காகங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. மனிதர்களுக்கு டெபுஸி, பறவைகளுக்கு டிராடோனியம். இரண்டு உலகங்களுக்கும் பொதுவாக ஒரு சுரம்கூடக் கிடையாது. கடைசிக் காட்சியில் எல்லாப் பறவைகளும் அடங்கி உட்கார்ந்திருக்க, கார் மெல்ல நகரும்போது, தூரத்துக் கடல்போல ஒரே மாதிரியான முனகல். அந்த இடத்துக்கு ஹிட்ச்காக் கேட்டது மின்னணு மௌனம். மௌனத்தையே வாசித்துத் தரச் சொன்ன இயக்குநரும், வாசித்துக் கொடுத்த கலைஞரும் ஒரே படத்தில் சேர்ந்தது நம் அதிர்ஷ்டம்.

அந்தப் பாதையில் இன்னும் ஆழமாகப் போன படம் 'ஃபேஸ் IV' (1974). 'வெர்டிகோ', 'சைக்கோ' படங்களின் டைட்டில்களை வடிவமைத்த சால் பாஸ் இயக்கிய ஒரே முழுநீளப் படம். வில்லன் எறும்பு. ராட்சத எறும்பு இல்லை, சாதாரண எறும்புதான், ஆனால் எல்லாம் ஒன்றுகூடி யோசிக்கத் தொடங்கிவிட்டன. தொடக்கத்தில் பல நிமிடங்களுக்குத் திரையில் மனிதர்களையே காணோம். கென் மிடில்ஹாம் எடுத்த எறும்புகள் புற்றுக்குள் நடக்கின்றன, நிற்கின்றன, உணர்கொம்புகளை அசைக்கின்றன. கூடவே பிரையன் கேஸ்கோயினின் இசை, டேவிட் வோர்ஹாஸ், டெஸ்மண்ட் பிரிஸ்கோ இருவரின் மின்னணு ஒலிகள். ஜப்பானியத் தாள வாத்தியக் கலைஞர் ஸ்டோமு யமாஷ்டாவின் பங்கும் உண்டு. ஒரு ஒலி கேட்கும், சற்று தள்ளி இன்னொன்று அதற்குப் பதில் சொல்லும், மூன்றாவது ஆமோதிக்கும். பேச்சு நடக்கிறது என்று தெரிகிறது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. நமக்குப் புரியாத ஒரு சபையின் நடுவில் நம்மைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

கதையிலும் ஒலிதான் ஆயுதம். பாலைவனத்தில் குவிமாட ஆய்வுக்கூடத்துக்குள் இருக்கும் விஞ்ஞானிகள் எறும்புகளின் சமிக்ஞைகளைக் கணினியில் பிரித்தறியப் பார்க்கிறார்கள், இரைச்சலை ஒலிபரப்பி எறும்புகள் கட்டிய மேடுகளைத் தகர்க்கிறார்கள். ஆக, பின்னணியில் நாம் கேட்பதும் கதைக்குள் அவர்கள் கேட்பதும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. படம் வந்த காலத்தில் ஓடவில்லை. அதன் இசை 2015இல் இசைத்தட்டாக வந்தபோது நான் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அதன் முதல் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள், தரையில் ஊரும் எறும்பை அதன்பிறகு நீங்கள் மரியாதையோடுதான் பார்ப்பீர்கள்.

மலிவான படங்களிலும் இந்தத் தேடல் இருந்தது. 'ஃப்ராக்ஸ்' (1972) என்ற சதுப்புநிலப் படத்துக்கு, பல்லாண்டுகள் சொகுசான ஆர்கெஸ்ட்ரா இசைத்தட்டுகளைப் போட்ட லெஸ் பாக்ஸ்டர் அந்தச் சொகுசையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு மின்னணுச் சிணுங்கல்களைப் பரப்பினார். தவளை சும்மா உட்கார்ந்துதான் இருக்கிறது. அதன் கண்ணுக்குப் பின்னால் ஒரு திட்டம் இருப்பதாக நம்பவைப்பது பாக்ஸ்டர். வில்லியம் கிர்ட்லர் இயக்கிய 'கிரிஸ்லி' (1976) கரடிக்கு ராபர்ட் ராக்லண்ட், அடுத்த ஆண்டு அவரே எடுத்த 'டே ஆஃப் தி அனிமல்ஸ்' படத்துக்கு 'மிஷன் இம்பாசிபிள்' புகழ் லாலோ ஷிஃப்ரின். தேனீக்கள் படையெடுக்கும் 'த ஸ்வார்ம்' (1978) படத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனால் அதற்கு இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித்! வயலின்கள் நடுங்கி நடுங்கிக் கூட்டமாகத் திரள, பித்தளை வாத்தியங்கள் குறுக்கே பாய, ஓர் ஆர்கெஸ்ட்ராவே தேன்கூடாகிவிடுகிறது. படம் எப்படிப் போனாலும் தன் தாளில் ஒரு வரியைக்கூட அவர் சோம்பலாக எழுதவில்லை.

'பிரான்யா' (1978) ஜோ டான்டே இயக்கி, ரோஜர் கார்மனின் கம்பெனி குறைந்த செலவில் எடுத்த படம். அதற்கு இசை வெனிஸ்காரரான பீனோ டோனாஜியோ. வயலின் பயின்றவர், பாடகர். 1965இல் அவர் பாடிய காதல் பாட்டுதான் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் குரலில் ஆங்கிலத்தில் உலகம் சுற்றியது. காதல் மெட்டுக் கட்டிய கையால் கொலைகார மீன்களுக்கு இசை எழுதினால் என்ன ஆகும்? கோடைக்கால நதியின் அழகு அப்படியே நிற்கிறது, அடியில் இருப்பது தெரிந்ததும் அந்த அழகே வலிக்கிறது. 'ஜாஸ்' வழியில் வந்த படங்களில் இதுவே சிறந்தது என்று ஸ்பீல்பெர்க்கே பாராட்டினார். அந்தப் பாராட்டில் டோனாஜியோவுக்கும் கணிசமான பங்கு உண்டு என்பது என் தீர்ப்பு.

கொலைகார மிருகத்துக்கு இதயமும் உண்டு என்று சொன்ன இசை இரண்டு இருக்கின்றன. 'பென்' (1972) படத்தில் ஒரு தனிமைச் சிறுவனுக்கும் எலிகளின் தலைவனுக்கும் நட்பு. வால்டர் ஷார்ஃப் மெட்டமைத்து டான் பிளாக் எழுதிய பாட்டைப் பாடியவர் சிறுவன் மைக்கேல் ஜாக்சன். அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, கோல்டன் குளோப் வென்றது, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. நட்பைப் பற்றி எழுதிய பாட்டுகளிலேயே மிக மென்மையான ஒன்று ஓர் எலிக்காகப் பாடப்பட்டது என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமிதம்.

மற்றொன்று எனியோ மோரிகோனேயின் 'ஆர்க்கா' (1977). என் இதயத்தில் முதலிடம் இதற்குத்தான். கர்ப்பிணியான தன் துணையைக் கொன்ற மீனவனை ஓர் ஆண் திமிங்கிலம் பழிவாங்குகிறது. இரண்டு வருடம் முன்புதான் உலகம் முழுக்க 'ஜாஸ்' சுரம் ஒலித்திருந்தது. அதே பாணியில் ஒரு மிரட்டலை எழுதிக் கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மோரிகோனே ஒரு காதல் புலம்பலை எழுதினார். தந்தி வாத்தியங்கள் நீளமாக, அவசரமில்லாமல் அலைகின்றன. அந்த மெட்டைக் கேட்டபிறகு நம்மால் மீனவன் பக்கம் நிற்கவே முடியாது. திமிங்கிலத்துக்கு வசனம் இல்லை, நியாயத்தைச் சொல்ல வக்கீல் இல்லை. மோரிகோனே அதற்காக வாதாடி வழக்கையும் ஜெயித்துக் கொடுக்கிறார். நான் இதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறேன்.

ஆர்கெஸ்ட்ராவும் மின்னணுவும் ஒரே பெட்டிக்குள் சேரும் நாள் பிறகு வந்தது, வந்த இடம் ஆஸ்திரேலியா. சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் 1979இல் ஃபேர்லைட் சி.எம்.ஐ. என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். சிட்னி துறைமுகத்தில் ஓடிய ஒரு படகின் பெயரையே அதற்கு வைத்தார்கள். எந்தச் சத்தத்தையும் அதற்குள் பதிந்து, கீபோர்டில் சுரமாக வாசிக்கலாம், பச்சைத் திரையில் ஒளிப்பேனாவால் ஒலியலையையே வரையலாம். அதன் ஒலிக்களஞ்சியத்தில் மிகப் பேர்போனது ஓர் ஆர்கெஸ்ட்ராவின் ஒற்றை அதிரடி, ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' பாலே இசையிலிருந்து வெட்டி எடுத்தது. வெட்டி எடுத்தவர் யார் தெரியுமா? 'ஃபேஸ் IV' எறும்புகளுக்குக் குரல் கொடுத்த அதே டேவிட் வோர்ஹாஸ்! இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஆஸ்திரேலியக் கருவி ஓர் ஆஸ்திரேலியக் காட்டுப்பன்றியைச் சந்தித்த படம் 'ரேஸர்பேக்' (1984). இயக்கம் ரஸ்ஸல் மல்கஹி, இசை 'ஐஸ்ஹவுஸ்' குழுவின் ஐவா டேவிஸ். ராக் பாடகராவதற்கு முன் முறையாக ஓபோ பயின்றவர், ஆகவே இரண்டு உலகத்து இலக்கணமும் தெரிந்தவர். ஃபேர்லைட்டில் அவர் எழுப்பும் வெளி இருக்கிறதே, அது நீலமும் செம்மண்ணுமாக ஒளிப்பதிவாளர் டீன் செம்லர் காட்டும் பாலைநிலத்தைவிடப் பெரியது. காற்று ஊளையிடுகிறதா, பன்றி உறுமுகிறதா, கருவி பாடுகிறதா என்று பிரிக்கவே முடியாது. கதாநாயகன் வறண்ட நிலத்தில் வழிதவறி மனம் பேதலித்து அலையும் பகுதியை மட்டும் தனியாகக் கேளுங்கள். உடம்பும் கிடைக்கிறது, புரியாத மனமும் கிடைக்கிறது. வில்லியம்ஸின் டபுள் பேஸும் சாலாவின் கம்பியும் அங்கே கைகோத்துக்கொள்கின்றன.

இதுவரை இந்த இசையைக் கேட்காதவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, முதல் தடவை கேட்கும் இன்பம் அவர்களுக்கு இன்னும் மிச்சமிருக்கிறதே! ஆரம்பிப்பவர்களுக்கு என் வரிசை இதுதான்: முதலில் 'ஆர்க்கா', மனம் இளகட்டும். அடுத்து 'ஜாஸ்' முழுவதும், கூண்டு ஃபியூக்கைத் தவறவிடாமல். பிறகு 'த பேர்ட்ஸ்' படத்தையே சத்தத்துக்காக மட்டும் பாருங்கள். அதன்பின் 'ஃபேஸ் IV', 'ரேஸர்பேக்'. நல்ல ஹெட்போன் அவசியம், அடித்தொண்டைச் சுரங்கள் போன் ஸ்பீக்கரில் செத்துவிடும்.

மட்டமான படம், ரப்பர் மிருகம் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள இந்த இசையமைப்பாளர்கள் ஒவ்வொருவருக்கும் காரணம் இருந்தது. ஒருவரும் ஒதுங்கவில்லை. சுறாவுக்குப் பசித்தால் எப்படி இருக்கும், எறும்பு யோசித்தால் எப்படிக் கேட்கும், திமிங்கிலம் துணையை இழந்தால் எந்தச் சுரத்தில் அழும் என்று முழு மனதோடு உட்கார்ந்து யோசித்தார்கள். ரப்பர் விரிசல் விட்டுவிட்டது, எந்திரங்கள் துருப்பிடித்துவிட்டன. அவர்கள் செய்த மிருகங்கள் மட்டும் அன்றிருந்த அதே பல்லோடும் அதே மூச்சோடும் இருக்கின்றன. இன்றிரவே 'ஆர்க்கா'வைத் தேடி எடுத்துச் சத்தமாக வைத்துக் கேளுங்கள், உங்களுக்குப் பிடிக்கும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை!